ஜர்னைலா, சத்யனா, ஜிங்கனா: சென்னைக் கால்பந்து ரசிகர் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இந்திய அணியின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த பதினொருவரைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போடுவது நம் மன்றங்களுக்குப் பிடித்த வேலை. முன்களத்துக்கு ஆள் பிடிப்பதில் பெரிய சிக்கல் வருவதில்லை. சுனில் சேத்ரியின் கோல்களுக்குக் கணக்கு இருக்கிறது. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் ஆடிய பெரிய ஆட்டங்களில் யார் எப்போது அடித்தார் என்பது அச்சில் இருக்கிறது. பின்களத்துக்கு வந்தவுடன்தான் பேச்சு கெட்டுப்போகிறது. ஒருவர் பதக்கத்தைக் காட்டுகிறார். இன்னொருவர் கோல் வாங்காத ஆட்டங்களை எண்ணுகிறார். மூன்றாமவர் செல்போனை எடுத்து, சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கும் அரை நிமிட வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார். கடைசியில் ஓட்டு எடுத்தால், யாருடைய பெயர் அதிகம் காதில் விழுந்ததோ அவர் ஜெயிக்கிறார்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. பின்கள வீரர்களைத் தனித்தனி ஆளாக முதலிடம், இரண்டாமிடம் என்று அடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் அணி என்ன வேலை கொடுத்தது, பக்கத்தில் யார் நின்றார், அன்று எந்த விதி நடப்பில் இருந்தது என்ற மூன்றையும் வைத்து மதிப்பிடுங்கள். அப்படிச் செய்தால் பட்டியலே மாறும் என்பதற்கு நம் அணியின் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஜர்னைல் சிங்கை முதலிடத்தில் வைக்கும் எல்லோரும் காட்டுவது அந்தத் தங்கத்தைத்தான். அந்தப் போட்டித் தொடரில் தாய்லாந்துக்கு எதிராக ஆடும்போது ஜர்னைலுக்குத் தலையில் பலத்த அடி பட்டது, தையல் போட வேண்டியிருந்தது. பின்களத்தில் நின்றால் எதிரணி முன்கள வீரரோடு தலைக்குத் தலை மோத வேண்டும். அதனால் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை நடு முன்களத்துக்கு அனுப்பினார். தென் வியட்நாமோடு நடந்த அரையிறுதியிலும் தென் கொரியாவோடு நடந்த இறுதியிலும் அவர் முன்களத்தில்தான் ஆடினார். இறுதியில் 2-1 என்று ஜெயித்தபோது பி.கே. ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். அப்படியானால் தங்கம் கிடைத்த அந்த ஆட்டத்தில் கோல் வாயைக் காத்தது யார்? நடுவில் அருண் கோஷ், பக்கங்களில் சந்திரசேகரும் திரிலோக் சிங்கும், பின்னால் பீட்டர் தங்கராஜ். பதக்கத்தைச் சான்றாகக் காட்டினால் அந்த மதிப்பெண் அருண் கோஷுக்குப் போக வேண்டும். நம் பட்டியல்களில் அவர் பெயர் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

ஜர்னைல் பெரிய பின்கள வீரர் அல்ல என்று இதற்குப் பொருள் இல்லை. அவர் பெரியவர்தான். ஆனால் அவர் பெருமை அருண் கோஷோடு ஜோடியாக நின்றதில் இருக்கிறது. ரஹீம் நான்கு பேரைப் பின்னால் நிறுத்தி ஆடவைத்தபோது நடுவில் நின்ற இரண்டு ஸ்டாப்பர்களுக்கும், அதாவது நடுப் பின்கள வீரர்களுக்கும், ஒரே வேலை இல்லை. ஒருவர் பந்து வரும் ஆளை நோக்கி முன்னால் போவார், மற்றவர் சாய்வாக மூன்று முதல் ஐந்து மீட்டர் பின்தங்கி அந்த இடத்தைக் காப்பார். ஜர்னைல் போய் மோதுகிறவர், அருண் கோஷ் ஆட்டத்தின் போக்கைப் படித்து நிற்கிறவர். மோதுகிறவர் கண்ணுக்குத் தெரிவார். படித்து நிற்பவர் தன் வேலையைச் சரியாகச் செய்தால் அவர் பக்கம் எதுவுமே நடக்காது. அதனால் அவரைப் பற்றி எழுதவும் ஆளிருக்காது. பழைய ஸ்டாப்பர்களை ஒப்பிடும்போது நடக்கும் முதல் தவறு இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் காலப் பத்திரிகைகளில் அணியை 2-3-5 (பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர்) என்ற பழைய வரிசையிலேயே அச்சிடும் வழக்கம் நெடுநாள் தொடர்ந்தது. களத்தில் அமைப்பு மாறிய பிறகும் அச்சில் மாறவில்லை. அதனால் ‘சென்டர் ஹாஃப்’ என்று பார்த்தவுடன் நடுக்களம் என்று எழுதிவிடாதீர்கள். நடு ஸ்டாப்பராக நின்றவரின் பெயரும் அந்த இடத்தில் வரும். அதேபோல 1940களில் ‘இடது பேக்’ என்றால் இன்று ஓரக்கோட்டை ஒட்டி ஏறி இறங்கும் ஃபுல் பேக் அல்ல. இருவர் மட்டுமே நின்ற பின்களத்தின் இடது பாதி மொத்தமும் அவருடையது. சைலேன் மன்னாவை இன்றைய இடது பேக்குகளோடு ஒப்பிட்டுத் தாழ்த்துவது, வேறு வேலை செய்தவரை வேறு வேலைக்கு மார்க் போடுவது போல.

மன்னாவையே வைத்து அடுத்த தவறையும் பார்த்துவிடலாம். வாங்கிய கோல்களை எண்ணிப் பின்கள வீரரை அளக்கலாம் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு வரிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும். 1951 மார்ச், டெல்லி ஆசிய விளையாட்டு: இந்தோனேசியாவோடு 3-0, ஆப்கானிஸ்தானோடு 3-0, இறுதியில் ஈரானோடு 1-0. மூன்று ஆட்டம், வாங்கிய கோல் பூஜ்யம். 1952 ஜூலை, ஹெல்சிங்கி ஒலிம்பிக்: யூகோஸ்லாவியாவோடு 1-10. இரண்டிலும் அணித்தலைவர் அதே மன்னா. பதினாறு மாதத்தில் ஒரு மனிதர் உலகத் தரத்திலிருந்து ஒன்றுமில்லாதவராகிவிடுவாரா? எதிரணி மாறியது. அந்த யூகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அணி. தட்பவெப்பம் மாறியது. நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்ட காலோடு வெறுங்காலை வைத்துப் பந்துக்கு மோதுவது எளிதல்ல. குளிரில் மரத்த காலால் பந்தை எடுத்துத் திருப்புவது அதைவிடக் கடினம். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமாயிற்று. மன்னாவுக்குப் பத்து கோலுக்கான பழியைப் போடுபவர் டெல்லியின் பூஜ்யத்துக்கான பெருமையையும் முழுதாகத் தர வேண்டும். இரண்டும் தவறு. கோல் எண்ணிக்கை அணியின் கணக்கு, அதை ஒரு ஆளின் பெயரில் எழுத முடியாது.

இதே பாடத்தை அண்மைக் காலத்திலிருந்தும் எடுக்கலாம். 2019 செப்டம்பர் 10, தோஹா. அந்த ஆண்டின் ஆசியச் சாம்பியன் கத்தாரோடு இந்தியா 0-0. பின்களத்தின் நடுவில் சந்தேஷ் ஜிங்கனும் ஆதில் கானும். ஜிங்கனை உயர்த்திப் பேசும் எல்லாப் பட்டியலிலும் இந்த ஆட்டம் இருக்கும். ஆனால் கத்தார் அன்று கோலை நோக்கி 27 முறை அடித்தது. அந்தப் பூஜ்யத்தில் பெரும்பங்கு குர்ப்ரீத் சிங் சந்துவின் கைகளுக்கு. ஜிங்கனின் பங்கைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அந்த 27 முயற்சிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து மூன்றாகப் பிரிக்க வேண்டும்: பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தவை, பெட்டிக்குள் இருந்தும் எதிரே ஒரு உடம்பு நின்றபோது அடித்தவை, பெட்டிக்குள் தடையில்லாமல் அடித்தவை. முதல் இரண்டு வகை அதிகமென்றால் ஸ்டாப்பர்கள் தம் வேலையைச் செய்திருக்கிறார்கள், கோல்கீப்பர் பார்த்துப் பிடிக்கும்படி பந்தை வெளியே தள்ளியிருக்கிறார்கள். மூன்றாவது அதிகமென்றால் கோல்கீப்பர் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறார். ஒரு மணி நேர வேலைதான். ஓட்டுக்கு முன் இதைச் செய்த மன்றம் எதுவும் கண்ணில் படவில்லை.

கோல்கீப்பரை விட்டுவிட்டு ஸ்டாப்பரை அளக்க முடியாது என்பதற்குத் தங்கராஜையும் நினைவில் வையுங்கள். நல்ல உயரம். ஓரத்திலிருந்து பெட்டிக்குள் தூக்கிப் போடும் பந்தை வெளியே வந்து பிடிக்கக்கூடிய கோல்கீப்பர் பின்னால் இருந்தால், ஸ்டாப்பர்கள் கோலை ஒட்டிய ஆறு கஜக் கோட்டுக்குள் ஒடுங்க வேண்டியதில்லை. இரண்டடி முன்னால் நிற்கலாம், முதல் மோதலில் சிதறி விழும் இரண்டாவது பந்துக்குத் தயாராகலாம். அதே ஸ்டாப்பர் கோட்டை விட்டு நகராத கோல்கீப்பருக்கு முன்னால் நின்றால், தலையால் அடிக்க வேண்டிய பந்துகள் கூடும். பார்ப்பவர் “இவர் எத்தனை ஹெட்டர் அடிக்கிறார் பாருங்கள்” என்று வியப்பார். அந்த எண்ணிக்கை கோல்கீப்பரின் குறையிலிருந்து வந்தது என்பது தெரியாமலே போகும்.

விதிகள் மாறியதைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை மறந்த ஒப்பீடு செல்லாது. 1925 வரை, முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூவர் இருந்தால்தான் ஆஃப்சைடு (பந்து தரப்படும்போது அளவுக்கு மீறி முன்னே நிற்கும் தவறு) இல்லை. அதற்குப் பிறகு இருவர் போதும் என்றாயிற்று. பழைய காலப் பின்கள வீரர் கோஷ்ட பால் இரண்டு விதியிலும் ஆடியவர். பழைய விதியில் இரு பேக்குகளில் ஒருவர் முன்னேறி நின்றாலே எதிராளி ஆஃப்சைடு வலையில் விழுந்துவிடுவார். கணிப்பு தவறினாலும் பின்னால் இன்னொருவர் காவல் இருப்பார். புதிய விதியில் தவறினால் நேராகக் கோல்கீப்பர்தான். எச்சரிக்கை அட்டைகள் 1970 உலகக் கோப்பையில்தான் வந்தன. ஜர்னைலின் மோதல் ஆட்டத்தைப் பார்த்து “இன்று ஆடினால் பாதியில் வெளியே போயிருப்பார்” என்கிறார்கள். அன்று இருந்த விதிக்குத் தகுந்தபடிதான் அன்று எல்லோரும் ஆடினார்கள். இன்று ஆடினால் இன்றைய விதிக்குப் பழகியிருப்பார். 1990இல், முன்கள வீரர் கடைசிக்கு முந்தைய எதிரணி வீரருக்குச் சமமாக நின்றாலும் ஆஃப்சைடு இல்லை என்று திருத்தினார்கள். 1998 முதல், எதிராளிக்கு ஆபத்தாகும்படி பின்னாலிருந்து டேக்கிள் செய்தால், அதாவது பந்தைப் பறிக்க மோதினால், சிவப்பு அட்டை.

எல்லாவற்றிலும் ஸ்டாப்பர்களின் வாழ்க்கையை அதிகம் புரட்டிப்போட்டது 1992இன் பேக் பாஸ் விதி. அதற்கு முன்னால் நெருக்கடி வந்தால் பந்தைக் கோல்கீப்பரிடம் தள்ளிவிடலாம், அவர் கையில் எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு காலால் வேண்டுமென்றே தள்ளிய பந்தை அவர் கையால் தொடக்கூடாது. திரும்பி நிற்கும் ஸ்டாப்பருக்கு இருந்த பாதுகாப்பு ஒரே நாளில் போயிற்று. இனி பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் பார்த்திருக்க வேண்டும், முதல் தொடுதலிலேயே எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். இந்த மாற்றத்தை ஆட்ட வாழ்க்கையின் நடுவில் சந்தித்தவர் வி.பி. சத்யன்.

சத்யன் கண்ணூர்க்காரர், கேரள போலீஸ் அணியில் பெயர் எடுத்தவர் என்றாலும் சென்னைக்கு அவர் அந்நியர் அல்லர். இந்தியன் வங்கிக்காக ஆடினார், 2006இல் இங்கேயே மறைந்தார். 1995 டிசம்பரில் இந்த நகரத்தில் நடந்த தெற்காசிய விளையாட்டில் இறுதியில் வங்கதேசத்தை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியபோது அணித்தலைவர் அவர்தான். சென்னை மன்றம் ஒன்று போடும் பட்டியலில் அவருக்கு இடம் இல்லாதபோது மனம் வலிக்கிறது. ஆனால் பாசத்துக்காக அவருக்கு இடம் கேட்கவில்லை. பழைய விதியில் கற்றுக்கொண்டு, புதிய விதியில் நாட்டுக்குத் தலைமை தாங்கி, உயரப் பந்தில் தோற்காத ஸ்டாப்பர் என்ற பெயரை இரண்டு காலத்திலும் காத்தவர். இந்த ஒரு அளவுகோலில் இந்திய அணியில் அவருக்குச் சமமாக வைக்க வேறு ஆள் கிடைப்பது கடினம்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். டேக்கிள் எத்தனை, பறித்த பந்து எத்தனை என்று ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) காலத்து வீரர்களுக்குக் கணக்கு கிடைக்கிறது. அதை அப்படியே ஒப்பிடக்கூடாது. பந்து எதிரணியிடம் இருக்கும்போதுதான் டேக்கிள் செய்ய முடியும். எதிரணியிடம் பந்து 65 சதவீதம் இருந்த ஆட்டத்தில் ஒருவர் 8 டேக்கிள் செய்கிறார். எதிரணியிடம் 40 சதவீதமே இருந்த ஆட்டத்தில் இன்னொருவர் 6 செய்கிறார். இரண்டையும் பாதிக்குப் பாதி என்ற அளவுக்குக் கொண்டுவர, டேக்கிளை 50ஆல் பெருக்கி எதிரணியின் சதவீதத்தால் வகுங்கள். முதலாமவருக்கு ஏறக்குறைய 6.2, இரண்டாமவருக்கு 7.5. வரிசை தலைகீழாகிறது. இதையும் ஒரே ஆட்டத்தில் போட்டுப் பார்த்து நம்பிவிட வேண்டாம். குறைந்தது பத்து ஆட்டமாவது சேர்ந்தால்தான் ஏதாவது தெரியும். அப்போதும் நினைவிருக்கட்டும்: டேக்கிள் அதிகம் என்பது ஒரு ஸ்டாப்பருக்கு எப்போதும் நல்ல செய்தி அல்ல. சரியான இடத்தில் நின்றிருந்தால் அந்தப் பந்தே அந்தப் பக்கம் வந்திருக்காது.

பின்கள வீரர் அடித்த கோல்களையும் தனியே எடுத்து வையுங்கள். 2018 மார்ச் 17, பெங்களூருவில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதியை நாம் யாரும் மறக்கமாட்டோம். கார்னரிலிருந்து வந்த பந்துகளை நம் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் வலைக்குள் சேர்த்தார், சென்னையின் எஃப்.சி. 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. அந்த இரண்டு கோல்களும் அவரை இந்த நகரத்தின் செல்லப்பிள்ளையாக்கின, அது நியாயம். ஆனால் ஸ்டாப்பராக அவரை மதிப்பிட வேண்டுமானால் அதே ஆட்டத்தின் ஒன்பதாம் நிமிடத்தைப் பாருங்கள். சேத்ரி கோல் அடிக்கும் முன் நம் பின்கள வரிசை எங்கே நின்றது, யார் பந்தைப் பார்த்தார், யார் ஆளைப் பார்த்தார். அதன் பிறகு இடைவேளைக்குப் பின் வந்த 45 நிமிடத்தையும் முழுதாகப் பாருங்கள். அங்கேதான் பதில் இருக்கிறது.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: பந்தை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள். நேரு ஸ்டேடியத்தில் ஓடுதளம் குறுக்கே கிடப்பதால் தாழ்வான வரிசையிலிருந்து பார்த்தால் பின்களம் ஒரே கும்பலாகத் தெரியும். மேல் வரிசைக்குப் போங்கள். பக்கவாட்டில், பெனால்டி பெட்டியின் விளிம்புக்கு நேரே உட்கார்ந்தால் வரிசை நேராக ஏறி இறங்குகிறதா என்பது தெரியும். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் இரு ஸ்டாப்பர்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியும். ஒரு பாதி இங்கே, ஒரு பாதி அங்கே என்று பிரித்துக்கொள்ளலாம். ஆட்டத்தைப் பத்துப் பத்து நிமிடமாக ஒன்பது துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஆளை மட்டும் கவனித்துக் குறியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது காலடி. பந்து வைத்திருக்கும் எதிராளிமேல் நெருக்கடி இல்லாமல், அவர் தலை தூக்கிப் பார்க்கிறார் என்றால் ஸ்டாப்பர் அந்தக் கணமே இரண்டு மூன்று அடி பின்வாங்கியிருக்க வேண்டும். எதிராளி பந்தைப் பின்னால் தள்ளினால் வரிசையோடு முன்னேற வேண்டும். ஒருவர் மட்டும் தங்கிவிட்டால் எதிரணி முழுவதும் ஆஃப்சைடிலிருந்து தப்பிவிடும். நம் உள்ளூர் லீகில் விழும் கோல்களில் இந்த ஒரு தவறால் வருவது நிறைய. அடுத்து உடம்பின் சாய்வு. எதிராளி பந்தோடு வரும்போது இரண்டு காலையும் இணையாக வைத்து நேருக்கு நேர் நிற்பவர் எந்தப் பக்கமும் தாண்டப்படுவார். ஒரு காலை முன்வைத்துப் பக்கவாட்டில் நின்று, ஓரக்கோட்டை நோக்கியோ எதிராளியின் வலுவற்ற காலை நோக்கியோ தள்ளிக்கொண்டு போகிறவர் கற்றவர். பிறகு இடைவெளி: பந்து நடுவில் இருக்கும்போது இரு ஸ்டாப்பர்களுக்கும் நடுவே சுமார் பத்து மீட்டருக்கு மேல் விரிந்தால் அதற்குள் ஒரு பாஸ் நுழையும். இருவரும் ஒரே பந்துக்குக் குதித்தால் பின்னால் விழும் பந்துக்கு ஆளில்லை. தலையால் அடித்த பந்து எங்கே போய் விழுகிறது என்பதையும் எழுதுங்கள். ஓரத்துக்குப் போனால் நல்லது. பெட்டிக்கு எதிரே நடுவில் விழுந்தால் அது எதிரணிக்குக் கொடுத்த பாஸ்.

படம் இல்லாத காலத்து ஆட்டக்காரர்களுக்கு இதைச் செய்ய முடியாது, உண்மைதான். அவர்களுக்குச் சாட்சி கூட ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும்தான். 1980கள், 90களில் ஆடியவர்கள் இன்னும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள், இந்தியன் வங்கியில் சத்யனோடு நின்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் “சத்யன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்?” என்று கேட்டால் பாராட்டு மட்டும்தான் கிடைக்கும். “அண்ணா, அவர் ஹெட்டருக்கு ஏறும்போது பின்னால் யார் நிற்பீர்கள்? எதிராளியை உள்ளே விடுவாரா, ஓரத்துக்குத் தள்ளுவாரா? கார்னரில் ஆளைப் பிடிப்பாரா, இடத்தைப் பிடிப்பாரா? பேக் பாஸ் விதி மாறியபோது பயிற்சியில் என்ன மாற்றினார்?” என்று கேளுங்கள். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் தனியே கேட்டுச் சரிபாருங்கள். எதிரணியில் ஆடிய முன்கள வீரர் சொல்வதற்கு அதிக எடை கொடுங்கள், அவருக்குத்தான் வலித்திருக்கும்.

அடுத்த ஓட்டுச் சீட்டை அச்சிடும்போது ‘சிறந்த டிஃபெண்டர்’ என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். இருவர் நின்ற பின்களத்தின் பேக், மோதும் ஸ்டாப்பர், காக்கும் ஸ்டாப்பர், ஓரத்து ஃபுல் பேக் என்று நான்கு கட்டம் போடுங்கள். நடுவில் உள்ள இரண்டையும் ஜோடியாக மட்டுமே தேர்ந்தெடுக்கலாம் என்று வையுங்கள். முதல் கட்டத்தில் கோஷ்ட பாலும் மன்னாவும் தங்களுக்குள் போட்டியிடட்டும். ஜோடிக்கு ஜர்னைல்–அருண் கோஷ் என்பதே எங்கள் ஓட்டு. சத்யனை மோதும் ஸ்டாப்பராகவும் 1970 பாங்காக் வெண்கல அணியின் சுதிர் கர்மாகரைக் காக்கும் ஸ்டாப்பராகவும் நிறுத்தி மாற்று ஜோடி ஒன்று கேட்போம். ஜிங்கனுக்கு இன்னும் ஒரு கட்டம் திறந்தே இருக்கட்டும். தோஹாவின் 27 முயற்சிகளைப் பிரித்து எழுதிய தாளோடு யார் வருகிறாரோ அவரிடம் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து, பின்களத்தை மட்டுமே பார்க்கும் சில ரசிகர்கள்